தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த டப்பா

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. உன் அம்மா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அடுத்த வாரம் திங்கக்கிழமை போய் நிக்கிறப்ப பசங்க உன்னைப் பார்த்துப் பயப்படுவாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். நீ சோற்றைப் பிசைந்தபடி சொன்னாய்: "பயப்படத்தானேம்மா வேணும்? முதல் வாரத்துலயே டாய்லெட்டுக்குள்ள போய், சிகரெட் பிடிக்கிறவன் ஒருத்தனைப் பிடிச்சு வெளிய அனுப்பிட்டா மத்தவனெல்லாம் அடங்கிருவான். எங்க ஸ்கூல்ல சகாயம்னு ஒருத்தன் இருந்தான்ல, மாஸ்டருங்க ரூம்ல சிகரெட் திருடி மாட்டினவன்? அவனை அனுப்பின பிறகு ஒரு வருஷம் ஒருத்தனும் வாய்ல வைக்கலை."

நான் தலை நிமிரவில்லை. நீ பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உன் குரல் எனக்குத் தெரியாதா. நீ நம்பித்தான் சொன்னாய். எட்டு வருஷத்தில் அந்தக் கதையை நீயே முழுசாக நம்பிவிட்டாய். அந்தச் சிகரெட் டப்பாவைக் கழிவறையில் கொண்டுபோய் வைத்தது நீ என்பதுகூட உனக்கு மறந்துபோய்விட்டது. அல்லது மறக்க வேண்டும் என்று முயன்று, அதில் ஜெயித்துவிட்டாய். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, வெள்ளைச் சட்டை தைத்து வைத்து, குவீன்ஸ்டவுனில் ஒரு பையன்கள் பள்ளிக்கு வாத்தியாராகப் போகிற என் மகன், ஒரு குற்றமும் செய்யாத ஒருவனைத் திருடன் என்று உதாரணம் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை நேரிலேயே சொல்லப் பார்த்தேன். நீ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். "என்னப்பா?" என்றாய். "ஒண்ணுமில்ல, பிரஷ்ஷை எடுத்த இடத்துல வை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டாம். உன்னோடு பயிற்சி முடித்தவர்களிடமும் காட்டு. பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும் வேலைக்குப் போகிற யாரும் படிக்கலாம். இதில் என்னைப் பற்றிக் கேவலமாக நிறைய இருக்கிறது. பரவாயில்லை, எனக்கு மறைத்து மறைத்துச் சலித்துவிட்டது.

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பியூனுக்கென்று கொடுத்த இந்த இரண்டு அறை வீட்டில்தான் நீ பிறந்து வளர்ந்தாய். நான் வேலை முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன். ஒரு சிகரெட்டை எடுத்து உன்னிடம் நீட்டுவேன். "அடுப்புல பத்த வச்சுட்டு வாடா." உனக்கு அப்போது ஆறு வயசு. கரி அடுப்பில் சிகரெட்டைக் காட்டினால் மட்டும் பற்றாது, வாயில் வைத்து இழுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாமலா உன்னை அனுப்பினேன்? நம் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்பன்மாருக்குப் பிள்ளைகள்தான் பற்றவைத்துக் கொடுத்தார்கள். செருப்பை எடுத்து வை, தண்ணீர் கொண்டு வா என்பது போல அதுவும் பிள்ளைகள் செய்யும் ஒரு வேலை. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் வேலை செய்யும் என் சிநேகிதர்கள் சீட்டாட வருவார்கள். நீ வாயில் சிகரெட்டோடு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடுப்படியிலிருந்து நடந்து வருவாய். "டேய், சின்னத் தொரை வர்றாருடா, எந்திரிச்சு நில்லுங்க!" என்று ஒருவர் கத்துவார். "இழு தொரை, இன்னொரு இழுப்பு, அணைஞ்சுரப் போவுது!" என்பார் இன்னொருவர். உனக்கு இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் பத்துப் பெரிய ஆட்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற பெருமையில் நீயும் சிரிப்பாய். உன் அம்மா உள்ளேயிருந்து, "புள்ளை வாயை அடுப்பாக்கிட்டீங்க, இனிமே அது அணையாது" என்பாள். "ஆம்பளைப் பிள்ளைதானே" என்று நான் பதில் சொல்வேன். பத்து வயசில் நீ எனக்குக் கொண்டுவரும் சிகரெட் கால்வாசி குறைந்து வர ஆரம்பித்தது. அதையும் கவனித்தேன். அதற்கும் சிரித்தேன்.

இப்போது நீ சிராங்கூன் ரோட்டில் சிநேகிதர்களோடு நின்று பிடிக்கிறாய். நான் வருவது தெரிந்தால் கை முதுகுக்குப் பின்னால் போகிறது. மூலைக் காப்பிக் கடைக்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க மகன் மரியாதை தெரிஞ்ச பையன்ணே. தூரத்துல உங்க தலையைப் பார்த்தாலே கீழ போட்டு மிதிச்சிடுறான் லா." எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆறு வயசில் என் கண் முன்னால் இழுத்தவன் இருபத்திரண்டு வயசில் மறைத்துப் பிடிக்கிறான், அதற்குப் பெயர் மரியாதை. நம் ஆட்களின் மரியாதைக்குள் இருக்கும் அறிவு இவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்தது பெஞ்சிலிருந்து. நான் இருபத்துமூன்று வருஷமாக வராந்தாவிலிருந்து பார்க்கிறேன். பியூன் நிற்பது யார் கண்ணிலும் படாது. அதனால் அவன் கண்ணில் எல்லாம் படும். இடைவேளைக்கு மணி அடித்த ஐந்தாவது நிமிஷம் பையன்கள் கழிவறைக் கூரையின் இடுக்கில் புகை எழும். நாலு பேருக்கு ஒரு சிகரெட். ஆளுக்கு மூன்று இழுப்பு, பிறகு கை மாறும். நாலாவது இழுப்பு இழுத்தவனுக்கு முதுகில் ஒரு அறை. ஒரு பையனைக் கேட்டேன், ஒட்டிய கன்னம், பதின்மூன்று வயசு இருக்கும். "இதுல என்னடா இருக்கு?" என்றேன். "பசி அடங்கிடும்ணே. கொஞ்சம் தலை சுத்தும், அவ்வளவுதான்" என்றான். காலையில் வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவன் அவன். அதைச் சொன்னால் எந்த மாஸ்டர் எந்த நோட்டில் எழுதிக்கொள்வார்?

கேட்டுக்கு எதிரே மரத்தடியில் பெரிய பையன்கள் சிலர் நிற்பார்கள், படிப்பை விட்டவர்கள், ஏதோ ரவுடிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். புதுப் பையன் யாராவது வந்தால் முதலில் ஒரு சிகரெட்டை நீட்டுவார்கள். வாங்கினால் அவன் அவர்கள் ஆள். வாங்காவிட்டால், "அம்மா முந்தானை எங்கடா? விட்டுட்டு வந்துட்டியா?" என்று பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து கேலி செய்வார்கள். மூன்று நாள் தாங்குவான், நாலாவது நாள் வாங்குவான். பஸ்ஸில் ஏறினால் சினிமாக் கொட்டகையின் சுவர் முழுக்க ஒரு வெள்ளைக்காரன், கசங்காத சட்டை, விரல் நடுவே சிகரெட். விளையாட்டுத் திடலுக்கு ஒரு சிகரெட் கம்பெனியின் வண்டி வந்து, சிரித்த முகமாக இரண்டு பெண்கள் இனாமாக விநியோகம் செய்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். கை நீட்டியவனிடம் யாரும் வயசு கேட்கவில்லை. ஊரே சேர்ந்து ஒரு பையன் வாயில் சிகரெட்டைத் திணிக்கிறது. பிறகு அவனைப் பிடித்து மேசையில் குனிய வைக்கிறது.

எல்லாரையும் குனிய வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. காரில் வந்து இறங்கும் பையன் மாட்டினால் ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு அவன் அப்பாவுக்கு போன் செய்வார். "வளர்ற வயசு, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சிரிப்பார். பஃபலோ ரோட்டின் பின்சந்திலிருந்து நடந்து வரும் பையன் மாட்டினால் காலை அணிவகுப்பில், ஆயிரம் பேர் முன்னால், ஆறு அடி. பிரம்பை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவன் நான். அடித்து முடித்த மாஸ்டர் கை வலிக்கிறதென்று ஓய்வறைக்குப் போய் ஒரு சிகரெட் பற்றவைப்பார். அந்த அறையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை இருக்கும்.

அங்கே கணக்கு மாஸ்டர் ஒருவர் இருந்தாரே, அவருக்கு மூன்றாவது பீரியடில் பெட்டி காலியாகிவிடும். வகுப்பிலிருந்து ஒரு பையனை எதிர்க் கடைக்கு அனுப்புவார். அவர் அனுப்புவது எப்போதும் சகாயத்தைத்தான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அப்பா இல்லாத பையன். அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு உதவி செய்வான். கால் வேகம் உள்ளவன், போனதும் தெரியாது வந்ததும் தெரியாது. வாங்கி வந்து மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவான். அவன் போய் வரும் நேரத்தில் கரும்பலகையில் நடந்த கணக்கை நீ அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாய். அது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு அதுவாவது நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

இனி டப்பா. இருமல் மிட்டாய் வந்த தட்டையான தகர டப்பா. மூடியின் கீல் உடைந்துபோனதால் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி அதன்மேல் மாட்டியிருந்தேன். அதற்குள் இருந்தது என்ன என்று அன்றைக்கு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாஸ்டர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கும். பாதியிலேயே சாம்பல் கிண்ணத்தில் நசுக்கிவிட்டு எழுந்து போவார்கள். மணி அடிப்பவனும் நான், கிண்ணத்தைக் கொட்டுபவனும் நான். அந்தப் பாதிச் சிகரெட்டுகளை எடுத்து, கருகின நுனியை பிளேடால் வெட்டிவிட்டு, டப்பாவில் அடுக்கி வைப்பேன். நல்ல ஒசத்திச் சரக்கு, வாய்ப் பக்கம் தங்கக் கோடு போட்டது. வெளியே என் பெட்டி மலிவுச் சிகரெட்டைப் பிடிப்பேன். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் எச்சிலைப் பிடிப்பேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. உன் அம்மாவுக்குக்கூட இந்த வாரம்தான் தெரியும். நீ எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாய். ஒரு புதன்கிழமை டப்பாவையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

அன்றைக்கு இடைவேளை முடிந்து ஒழுங்கு மாஸ்டர் கழிவறையைச் சோதித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டப்பா கிடைத்தது. சாதாரணச் சிகரெட்டாக இருந்திருந்தால் ஆறு அடியோடு போயிருக்கும். மாஸ்டர்கள் மட்டும் பிடிக்கும் தங்கக் கோடு போட்டதாக இருந்ததால், யாரோ ஒரு பையன் திருடிப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறான் என்று அது திருட்டாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் டப்பா, அதன்மேல் என் டியூப் வளையம். "மாஸ்டர்கள் அறையைத் துடைப்பது நீதானே? எந்தப் பையன் உள்ளே வருகிறான்?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு மாஸ்டர் சொன்னார்: "சகாயம்தான் சார். நான் ஏதாவது வாங்கிவரச் சொன்னால் கொண்டுவந்து வைப்பான்." என்ன வாங்கிவரச் சொன்னீர்கள் என்று ஹெட்மாஸ்டர் அவரைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன்.

அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. நீ இதைப் படித்துவிட்டு, அப்பா என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று ஆறுதல் பட்டுக்கொள்வாய். அந்த ஆறுதல் உனக்கு வேண்டாம். அந்த நிமிஷம் உன் நினைப்பே எனக்கு வரவில்லை. அவர்கள் நசுக்கிப் போட்டதைப் பொறுக்கிப் பிடிக்கிறவன் நான் என்று அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. டப்பா எப்படிக் கழிவறைக்குப் போயிருக்கும் என்று யோசித்து உன் முகம் ஞாபகத்துக்கு வந்தது, கதவுக்கு வெளியே வந்த பிறகுதான். அப்போதும் திரும்பி உள்ளே போகவில்லை. என் மானத்துக்கு மகன் ஒரு சாக்கு ஆகிவிட்டான்.

சகாயத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "நான் எடுக்கலை சார்" என்று மூன்று தடவை சொன்னான். டப்பாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் பிரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு அடி, கையில் ஒரு கடிதம், பள்ளியிலிருந்து நீக்கம். மறுநாள் அவன் அம்மா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலைக் கரை ஈரமாக இருந்தது. ஆபீசில் தமிழ் பேசும் ஆள் நான் ஒருவன்தான். "ஐயா, உங்க வீட்டுலயே சோறு தின்ன பிள்ளை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா" என்றாள். "நான் வெறும் பியூன்தானேம்மா, நான் சொன்னா யார் கேப்பாங்க?" என்றேன். முந்தின நாள் நான் சொன்னதைத்தான் கேட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் உன்னை பெல்ட்டால் அடித்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மா குறுக்கே வந்து அவள் கையிலும் ஒரு அடி விழுந்தது. மாஸ்டர்கள் சகாயத்தின் மேல் பழியைப் போட்டார்கள், அப்பா ஒன்றும் செய்ய முடியாமல் என்னை அடிக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். அதன் பிறகு நான் உன்னிடம் சிகரெட்டை நீட்டியதில்லை, நீயும் அடுப்புப் பக்கம் போனதில்லை. கணக்கு தீர்ந்துவிட்டது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். பக்கத்து பெஞ்ச் காலியாக இருந்ததைப் பற்றி இந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் பள்ளி ஆபீசுக்கு வந்தான். ஆள் அகலமாகியிருக்கிறான். ஆற்றோரக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்குகிறான். "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று அவன்தான் முதலில் பேசினான். ஜூரோங்கில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் சொல்லிக் கொடுத்து வேலையும் கொடுக்கிறார்களாம்; பள்ளிச் சான்றிதழ் வேண்டுமாம். கிளார்க் பழைய பதிவேட்டைப் பார்த்து டைப் அடித்துக் கொடுத்ததை நான்தான் கொண்டுபோய் அவன் கையில் வைத்தேன். 'ஆசிரியர் அறையில் திருடியதற்காக நீக்கப்பட்டவர்' என்று ஒரு வரி. அவன் இரண்டு தடவை படித்தான். நாலாக மடித்தான். எதிர்க் காப்பிக் கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இதைக் கொடுத்தா எவன் மாமா சேர்த்துக்குவான்? சாமானெல்லாம் நம்பிக் கைல கொடுக்குற வேலை" என்றான்.

"இத்தனை வருஷம் எப்படிப்பா வேலை பார்த்தே?"

"அரிசி மூட்டை சர்ட்டிபிகேட் கேக்காது."

பழக்கத்தில் பெட்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். "வேணாம் மாமா, நான் பிடிக்கிறதில்லை" என்றான். எப்போது விட்டாய் என்று கேட்டேன். "எப்பப் பிடிச்சேன், விடுறதுக்கு? மாஸ்டருக்கு வாங்கிட்டு வந்ததோட சரி. எங்கம்மா தினம் வாயை மோந்து பார்ப்பாங்க, தெரியும்ல" என்று சிரித்தான். ஒரு சிகரெட்கூட வாயில் வைக்காதவன், தம்பி. உன் வகுப்பில் அப்படி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நீயே யோசித்துப் பார்.

"அந்த டப்பா என்னுது சகாயம்" என்றேன். அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அந்த டியூப் வளையம். நீங்க சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு, மிச்ச டியூப்ல அதை வெட்டினப்ப நான்தானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்? மேசைமேல பார்த்ததுமே தெரிஞ்சுது."

"ஏன்டா அங்கேயே சொல்லலை?"

"நான் எடுக்கலைன்னு மூணு தடவை சொன்னேனே மாமா. உங்க பேரை எப்படிச் சொல்றது? அம்மா ஆபீசுல உங்களைப் பார்த்துட்டு வந்தப்புறம்தான் வீட்டுல அவங்ககிட்ட சொன்னேன். வெளிய சொன்னா மாமாவுக்கு வேலையும் போகும், இருக்குற வீடும் போகும், ரெண்டு குடும்பம் தெருவுல நிக்க வேணாம், விடுறான்னாங்க." உன்னைப் பற்றி விசாரித்தான். வாத்தியாராகப் போகிறாய் என்றேன். "அட! நல்லது லா மாமா. அவன் கணக்குச் சொல்லிக் கொடுத்தா மரமண்டைக்கும் ஏறும்" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு, "இதை அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். இந்த மாதக் கடைசிக்குள் அவன் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்தும் தினமும் மணி அடித்துக்கொண்டு, கிண்ணத்தைக் கொட்டிக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதைக் கேட்ட பிறகுதான் இதை இப்படியே விட்டால் எங்கே போய் முடியும் என்று கண்ணால் பார்த்தேன். நீ திங்கட்கிழமை ஒரு பையனைப் பிடிப்பாய். அவனுக்கு அப்பா இருக்க மாட்டார், அல்லது இருந்தும் பேசத் தெரியாதவராக இருப்பார். நீ அவனை வெளியே அனுப்புவாய். அன்று சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நின்று ஒரு சிகரெட் பற்றவைப்பாய்.

பையன்கள் பிடிப்பதைப் பார்த்தும் பாராமல் போ என்று நான் சொல்லவில்லை. அது பொல்லாத பழக்கம். இப்போது நான் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டே ஒரு சிகரெட் பற்றவைத்தார், அது வேறு கதை. பதின்மூன்று வயசில் தொடங்கியவனை அது லேசில் விடாது. பிடி, நிறுத்து, கேள். ஆனால் முதலில் உன் விரலை மோந்து பார்த்துவிட்டுக் கேள். காலையில் சாப்பிட்டாயா என்று கேள். முதன்முதலில் யார் உன் வாயில் வைத்தது என்று கேள். பாதிப் பேர் அப்பா என்றுதான் சொல்வார்கள். எந்தப் பையனையும் உனக்காகக் கடைக்கு அனுப்பாதே. ஒருவன் மூன்று தடவை இல்லை என்று சொன்னால் நாலாவது தடவை சொல்ல வைக்காதே, கேட்பதை நிறுத்திவிட்டு யோசி. பக்கத்தில் நிற்கும் பியூனிடம் மட்டும் சாட்சி கேட்காதே. அவனுக்கும் ஒளிக்க ஏதாவது இருக்கும். நீயும் விட்டுவிடு. சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் நானே இரண்டு பிடித்துவிட்டேன். ஆனாலும் வேறு யார் உன்னிடம் சொல்லப் போகிறார்கள்?

உன் அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷமா மார்க்கெட்ல சகாயத்தோட அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க. தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சிருக்கு" என்றாள். வீடு போய்விடுமே என்று கேட்டேன். "போனா வாடகைக்கு ஒரு அறை கிடைக்காதா? பிள்ளைகிட்ட முதல்ல சொல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போகிறேன். அதே ஆள்தான் இன்னும் இருக்கிறார், அது ஒரு அதிர்ஷ்டம். டப்பா என்னுடையது, உள்ளே இருந்தது நான் கிண்ணத்திலிருந்து பொறுக்கியது, எந்தப் பையனும் எதையும் திருடவில்லை, அந்த வரியை அடித்துவிட்டு வேறு சான்றிதழ் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறது. அது இருக்குமா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்கப் போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரியும். 'உன் டப்பா எப்படிப் பையன்கள் கழிவறைக்குப் போனது?' என்று என்னைக் கேட்பார். தெரியாது என்று சொன்னால் அவர் நான் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார், சகாயத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. தெரியும் என்றால் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு வாத்தியாரின் பெயர். அது உனக்கு எவ்வளவு கெடுதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த அறையில் நின்று ஒரு பையனை ஒரு தடவை காட்டிக்கொடுத்திருக்கிறேன். இன்னொரு தடவை என்னால் முடியாது, தம்பி. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் பேசாமல்தான் நிற்பேன். பதில் சொல்ல வேண்டியவன் என் பக்கத்தில் நின்றால் நல்லது.

அப்பா